கண்மடலின் பாரம்



கண்ணை இமை காப்பது போல என்று நாம் அன்றாடம் சொல்லுகின்றோம். தாய் பிள்ளையைக் காப்பதற்கும், கமக்காரன் கதிர் முற்றிய வயலைக் காப்பதற்கும் இமையையே உவமையாக எடுத்துக்கொள்ளுகின்றோம். ஆனால் அந்தக் காவலாளனே களைத்துச் சரிந்து, தான் காக்கவேண்டிய கண்ணை மறைக்கத் தொடங்கினால் யாது செய்வது? அவனைத் திருத்திப் பழைய இடத்தில் நிறுத்துவதற்குச் சத்திர வைத்தியத்திலே வழி உண்டு. அவ்வழியை யார் நாடலாம், யார் நாடவேண்டும், யார் சற்றுப் பொறுத்திருந்து சிந்திக்கவேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கிளிநொச்சிக்கு மேற்கே, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் அக்கராயனில் இப்படியொரு பேச்சுக்கு என்ன தேவை என்று சிலர் வியக்கக்கூடும். தேவை இருக்கின்றது. இன்று எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இலண்டனிலோ இருக்கின்றார். மாலையானதும் கைத்தொலைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசுகின்றார்கள். அங்கிருந்து வரும் முதற் கேள்வி பெரும்பாலும், "ஏன் பிள்ளை, இப்பிடிக் களைச்சுப் போனாய்?" என்பதுதான். கேட்டவர் அன்பினாற் கேட்டார். ஆயினும் கேட்கப்பட்டவர் அன்றிரவு கண்ணாடியின் முன் சிறிது கூடுதலான நேரம் நிற்கின்றார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் தம் கண்மடலைத் திருத்திக்கொண்டு வந்திருந்தால், அந்தக் கண்ணாடி இன்னும் பெரிதாகிவிடுகின்றது. கொழும்பிலே தனியார் நிலையங்கள் இத்தகைய சிகிச்சைக்கு விளம்பரம் செய்கின்றன. அவ்விளம்பரம் அக்கராயனில் இருப்பவரின் உள்ளங்கைக்கும் வந்து சேருகின்றது. ஆகவே இவ்விடயத்தை அறிந்து பேசுவது நன்று.

முதலில் இமை இயங்கும் முறையைச் சிறிது பார்ப்போம். நம் உடலின் மேற்றோலில் மிக மெல்லிய பகுதி கண்மடலின் தோலேயாகும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. மேல் இமையைத் தூக்குவதற்கென்று ஒரு தசை உண்டு. அது கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, முன்னே வந்து, மெல்லிய நாராகி, இமையின் உள்ளே இருக்கும் தட்டில் பற்றிக்கொள்ளுகின்றது. மூளையிலிருந்து வரும் மூன்றாம் நரம்பு அதற்குக் கட்டளை இடுகின்றது. அதனோடு ஒரு சிறு துணைத் தசையும் சேர்ந்து, இமையை ஓரிரு மில்லிமீற்றர் மேலும் உயர்த்திப் பிடிக்கின்றது. இமையை மூடுவதற்கு வேறொரு தசை கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கின்றது. இவ்வாறு தூக்குவதும் மூடுவதுமாக, விழித்திருக்கும் வேளையில் நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் நாம் இமைக்கின்றோம். ஒவ்வொரு இமைப்பிலும் கண்ணீர் விழியின்மேல் மெல்லிய படலமாகப் பரவுகின்றது. வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்ற வேலை அது. கண் வறண்டால் பார்வை மங்கும், எரிவும் உண்டாகும்.

இனி, கண் பாரமாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் யாவை? பொதுவாக மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது வகை, தோல் தளர்ந்து தொங்குவது. வயது ஏற ஏறத் தோலின் இழுவை குறைகின்றது. மேல் இமையின் மடிப்பைத் தாண்டித் தோல் கீழே வழிகின்றது. புருவமும் சற்று இறங்குகின்றது. இரண்டாவது வகையில் தோல் அளவாகவே இருக்கும். இமையைத் தூக்கும் தசையின் நார் நீண்டு தளர்ந்துபோவதால், இமையின் விளிம்பே தாழ்ந்து நிற்கும். சாதாரணமாக மேல் இமையின் விளிம்பு கருவிழியின் மேலோரத்தை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அளவே மறைத்திருக்கும். அது கீழிறங்கி நடுவிலுள்ள கண்மணியை மறைக்கும்போது பார்வையே தடைப்படுகின்றது. மூன்றாவது வகை, இமையிலே குறை எதுவும் இல்லாமல், உடலின் வேறு இடத்திலிருந்து வருவது. நித்திரைக் குறைவு, ஒவ்வாமை, இரத்தச் சோகை, சிறுநீரக நோய், தைரொயிட் சுரப்பியின் கோளாறு என்பன கண்ணைச் சுற்றி வீக்கத்தையோ வாட்டத்தையோ உண்டாக்கக்கூடும். இந்த மூன்றாவது வகைக்குக் கத்தி மருந்தாகாது. நோயைத் தேடிக் கண்டு குணமாக்கினால் முகம் தானே தெளியும்.

எந்த வகை என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. உங்கள் தேசிய அடையாள அட்டையிலுள்ள பழைய படத்தை எடுத்து, இன்றைய முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைத்தியர்களும் பழைய படங்களைக் கேட்பது வழக்கம். இளமையிலிருந்தே அப்படியானால் அது உங்கள் குடும்பத்து முகவெட்டாக இருக்கலாம். பத்து, இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாக வந்ததென்றால் அது வயதின் வேலையாக இருக்கலாம். சில கிழமைகளுக்குள் வந்ததென்றால் வைத்தியரிடம் போகவேண்டும். ஒரே நாளில் வந்ததென்றால் அன்றைக்கே போகவேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வன்னி நிலத்தில் வாழ்பவர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். காரணத்தைச் சொல்லுகின்றேன். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லப்படும் பாம்பு இரவில் நடமாடுவது. நிலத்திலே பாய் விரித்து உறங்குபவரை அது தீண்டுவதுண்டு. அதன் பல் சிறியது. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடியுண்டவர் சில வேளைகளில் விழிப்பதுகூட இல்லை. விடியும்போது வயிற்று வலி இருக்கலாம். அதன்பின் இரண்டு கண்மடல்களும் தூக்க முடியாதபடி சரிகின்றன. வீட்டார், "நித்திரை முறியவில்லை, இன்னும் கொஞ்சம் படுக்கட்டும்" என்று விட்டுவிடுகின்றார்கள். அந்த 'கொஞ்சம்' உயிரைக் கொண்டுபோய்விடலாம். நரம்புக்கும் தசைக்கும் இடையிலே செய்தி செல்வதை அந்த நஞ்சு தடுக்கின்றது. முதலில் இமையைத் தாக்கும் அந்நஞ்சு, பின்னர் மூச்சுவிடும் தசைகளையும் தாக்குகின்றது. நாகம் தீண்டினாலும் இமை சரியலாம். எங்கள் இலங்கையிலுள்ள கண்ணாடி விரியன் தீண்டினாலும் அவ்வாறு நேர்வதுண்டு.

ஆகவே, வயற்காவலுக்குப் போய்க் கொட்டிலில் நிலத்திலே படுத்தவரோ, வீட்டுத் திண்ணையில் படுத்த பிள்ளையோ காலையில் கண் திறக்க முடியாமல் இருந்தால், அதனைச் சோம்பல் என்று கொள்ளாதீர்கள். கடிவாயைத் தேடிக்கொண்டு நேரம் போக்காதீர்கள். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் எதுவும் வேண்டா. ஆளை அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நஞ்செதிர் மருந்தும், தேவையானால் செயற்கைச் சுவாசமும் அங்கேதான் உண்டு. கட்டிலில் படுப்பதும், நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிடுவதும் இந்தக் கடியைப் பெரிதும் தவிர்க்கும்.

இமை திடீரெனச் சரிவதற்கு வேறு காரணங்களும் உள. ஒரு கண்ணின் இமை மட்டும் சரிந்து, கடுந் தலைவலியும் இருந்து, அந்தக் கண்ணின் மணி மற்றதைவிட விரிந்து காணப்பட்டால், மூளையின் இரத்தக் குழாயிலே வீக்கம் ஏற்பட்டு மூன்றாம் நரம்பை நெருக்குகின்றது என்று ஐயுற வேண்டும். இது மணிக்கணக்கில் பார்க்கவேண்டிய ஆபத்து. நீரிழிவு உள்ளவர்களுக்கும் அந்நரம்பு தளர்ந்து இமை சரிவதுண்டு.

இன்னொரு நோய், காலையில் நன்றாக இருக்கும் இமையை மாலையிலே சரியவைக்கின்றது. தசைக்களைப்பு நோய் என்று அதனைச் சொல்லலாம். வைத்தியர்கள் அதனை மயஸ்தீனியா கிராவிஸ் என்பர். 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கிறினிச் நகர் வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் வைத்தியர், இந்நோயாளியின் நிலை அம்பு நச்சு ஏறியவரின் நிலையைப் போல இருப்பதைக் கவனித்தார். அந்நச்சுக்கு மாற்றான மருந்தை ஊசியாக ஏற்றியபோது, சரிந்த இமை சில நிமிடங்களில் எழுந்தது. நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பது அன்று வெளிப்பட்டது. கிரேக்கக் கப்பற் செல்வர் அரிஸ்ரோட்டில் ஒனாசிஸ் இந்நோயினால் வருந்தித் தம் இமைகளை ஒட்டுநாடாவினால் உயர்த்திக் கட்டிக்கொண்டு வாழ்ந்து, 1975இல் மறைந்தார். இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கும் 1980களில் இந்நோய் கண்டறியப்பட்டது. அதன் பின்னும் அவர் நீண்டகாலம் நடித்து வந்தார். இத்தகைய நோயாளியின் இமையை, நோயை அறியாமல் வெட்டித் தைத்தால் பயனில்லை. அதனால்தான் கத்தியை எடுக்கும் நல்ல வைத்தியர் முதலில் கேள்விகளை எடுக்கின்றார்.

ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில், பிள்ளைகளைப் பற்றி இங்கே சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். சில குழந்தைகள் இமை தூக்கும் தசை சரியாக வளராமலே பிறக்கின்றன. அவர்களுடைய ஒரு கண்ணோ இரு கண்களுமோ அரைவாசி மூடியே இருக்கும். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதற்கு நாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்க்கும். அறியாதவர் அதனைத் திமிர் என்பர். வகுப்பிலே அது 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கும். சகபாடிகள் சூட்டிய அந்தப் பெயரைச் சில ஆசிரியர்களும் வாய்தவறி எடுத்தாளக் கேட்டிருக்கின்றேன். பெயர் சூட்டுவது எளிது. அதைக் கழற்றுவது அரிது.

இதிலே பெயரைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று இருக்கின்றது. குழந்தைப் பருவத்தில் கண்ணும் மூளையும் சேர்ந்து பார்க்கப் பழகுகின்றன. சரிந்த இமை ஒரு கண்ணின் மணியை மூடிவிட்டால், மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பத் தொடங்குகின்றது. சரிந்த இமையின் பாரம் விழியை அழுத்தி அதன் வளைவை மாற்றினாலும் பார்வை மங்கும். இதனைச் சோம்பற்கண் என்கின்றோம். ஏழு, எட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம். காலம் கடந்தபின் இமையை உயர்த்தினால் முகம் நேராகுமே தவிர, இழந்த பார்வை முழுவதும் திரும்புவது அரிது. மணி மூடியிருக்கும் குழந்தைக்குச் சத்திரசிகிச்சையை மிக விரைவிலேயே செய்வர். மணி மூடாதிருப்பின், மூன்று வயது முதல் ஐந்து வயது வரை பார்த்திருந்து செய்வதும் உண்டு. "பெரியவளானதும் பார்ப்போம், கலியாணப் பேச்சு வரும்போது பார்ப்போம்" என்று பெற்றோர் தள்ளிப்போடுவது பெண்பிள்ளைக்கு இழைக்கும் பெருந்தவறு. கலியாணத்துக்கு முன் வாசிப்பு இருக்கின்றது. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வைத்தியர் வரும் நாளிலே இத்தகைய பிள்ளையை ஆசிரியர் முன்வரிசையில் நிறுத்தவேண்டும்.

இனிச் சத்திரசிகிச்சையைப் பார்ப்போம். இது நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்போர் உளர். அவ்வாறன்று. பழம்பாரதத்தின் சத்திர வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை, எழுபத்தாறு கண் நோய்களை எண்ணி, அவற்றுள் இருபத்தொன்றை இமைக்குரியன என வகுக்கின்றது. இமைமயிர் உள்நோக்கி வளைந்து விழியைக் குத்தும் நோய்க்கு, இமைத்தோலில் வாற்கோதுமை மணியின் வடிவில் ஒரு கீற்றை எடுத்துவிட்டுத் தைக்கும் முறையை அந்நூல் கூறுகின்றது. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமரான செல்சஸ், தளர்ந்த மேலிமைத் தோலை வெட்டியெடுக்கும் முறையை எழுதிவைத்தார். 1818ஆம் ஆண்டில் செருமானியச் சத்திர வைத்தியர் கார்ல் பெர்டினாந்து வொன் கிறேபே, இமை திருத்தும் சிகிச்சைக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். தமிழிலும் நயனவிதி என்ற பெயராலேயே கண் வைத்திய நூல்கள் இருந்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டுச் சத்திர வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, 'இரணவைத்தியம்' என்னும் பெரு நூலை 1867இல் வெளியிட்டார். ஆகையால் இதனைத் தமிழிலே பேசுவதற்கு நமக்குக் கூச்சம் வேண்டுவதில்லை.

இன்றைய முறை சுருக்கமாக இதுதான். தோல் தளர்ந்தவருக்கு, இமையின் இயற்கையான மடிப்பின் வழியே கீறி, மிகையான தோலை மட்டும் அளந்து எடுப்பர். பிதுங்கிய கொழுப்பு இருந்தால் சிறிதளவு நீக்குவர். தழும்பு மடிப்புக்குள்ளே மறைந்துகொள்ளும். இமை தாழ்ந்தவருக்கு, தளர்ந்த நாரைத் தேடி எடுத்து இறுக்கி மீண்டும் இணைப்பர். தசையே வலுவற்றுப் பிறந்த பிள்ளைக்கு, தொடையிலிருந்து எடுத்த நார்ப் பட்டையினாலோ சிலிக்கன் இழையினாலோ இமையை நெற்றித் தசையோடு தொடுப்பர். அப்போது புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசியே போதும். நோயாளி விழித்திருப்பதில் நன்மையும் உண்டு. "கண்ணைத் திறவுங்கள்" என்று சொல்லி, இரு இமைகளும் ஒத்த உயரத்தில் இருக்கின்றனவா என்று வைத்தியர் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிழமையளவில் தையல் எடுப்பர். வீக்கமும் நீலம் பாய்ந்த நிறமும் வடிய இரண்டு கிழமையளவு செல்லும். இமை தன் இறுதி வடிவத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். சத்திரமின்றி இமையைச் சிறிது நேரத்துக்கு உயர்த்தும் துளிமருந்து ஒன்றையும் 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. எனினும் அது ஒரு மில்லிமீற்றரளவு உயர்த்தும் தற்காலிக உதவியே.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் ஐம்பது வயதை அடுத்தபோது இச்சிகிச்சை செய்துகொண்டார். அவருடைய நெற்றி எந்நேரமும் சுருங்கியே இருக்கும். பிள்ளைகள் அவரை எப்போதும் கோபக்காரர் என்று எண்ணினர். உண்மையிலே அவர் கோபக்காரர் அல்லர். சரிந்த இமையை நெற்றித் தசையினாலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கின்றார். அதனால் மாலைதோறும் தலைவலி. பார்வைப் புலத்தை அளந்த வைத்தியர், இமையை ஒட்டி உயர்த்தி ஒருமுறையும், உயர்த்தாமல் ஒருமுறையும் அளந்து, மேற்பக்கப் பார்வையில் எவ்வளவு மறைந்திருக்கின்றது என்று காட்டினாராம். சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தின் பின் பாடசாலைக்கு வந்த அவர் சொன்ன வார்த்தை, "நாடியைத் தூக்காமலே கடைசி வாங்கு தெரிகிறது" என்பதே. முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றிச் சுருக்கம் மறைந்ததைப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டுகொண்டனர்.

நன்மையைச் சொன்ன வாயால் ஆபத்தையும் சொல்லவேண்டும். தோலை அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டால் கண் முழுதும் மூடாது. உறக்கத்திலும் விழி திறந்திருந்து வறளும். எடுத்த தோலைத் திரும்ப வைப்பது எளிதன்று. இரண்டு இமைகளும் ஒன்றுபோல் அமையாமற் போகலாம். ஓர் இமையை உயர்த்தியதும், அதுவரை மிகை முயற்சியாலே நின்ற மற்ற இமை இறங்குவதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடிது, கண்ணின் பின்னே இரத்தம் கசிந்து பார்வை நரம்பை நெருக்குவது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ 2,000 சிகிச்சைகளில் ஒன்றில் இக்கசிவும், ஏறத்தாழ 22,000இல் ஒன்றில் நிலையான பார்வை இழப்பும் நேர்ந்தன எனக் கணக்கிட்டது. இது மிக அரிது என்பது உண்மை. ஆயினும் சிகிச்சை முடிந்த நாளிரவு கண்ணிலே கடும் வலியும் புடைப்பும் பார்வை மங்கலும் தோன்றினால் விடியும்வரை காத்திருக்கலாகாது. அக்கராயனிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சிகிச்சை பெற்று, அன்றிரவே பேருந்தேறி வீடு திரும்ப எண்ணுவோர் இதனை நினைக்கவேண்டும். இரண்டு மூன்று நாளாவது வைத்தியசாலைக்கு அண்மையில் தங்குவதற்கு வழி செய்துகொண்ட பின்னரே நாள் குறிக்கவேண்டும்.

நாள் குறிப்பதிலே கமக்காரக் குடும்பங்களுக்கு இன்னொரு யோசனை. பெரும்போகத்து அறுவடைக் காலத்தில், தை மாசி மாதங்களில், காற்றெல்லாம் பதரும் தூசியுமாக இருக்கும். ஆறாத இமைக்கு அது பகை. குனிந்து பாரம் தூக்குவதும் சில கிழமைகளுக்கு ஆகாது. ஆகவே வேலை ஓய்ந்த காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து, அஸ்பிரின், நாட்டு மருந்துக் குளிசை எது எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஆனால் இருதய நோய்க்கு எடுக்கும் மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டா.

பணம் கொடுக்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சில. ஐயா, என் இமை சரிந்த காரணம் தோலா, தசையா, நரம்பா? என் கண்ணீர் போதுமா? நீங்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, இத்துறையில் விசேட பயிற்சி பெற்றவரா? இரவில் ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது? கண்ணின் கீழுள்ள கருவளையம் இதனாலே மறையுமா? கடைசிக் கேள்விக்கு, "மேலிமையை வெட்டினால் கீழுள்ள கருமை போகாது" என்று நேர்மையாக விடை சொல்பவரை நம்பலாம். எல்லாம் போகும் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். பார்வை மறைகின்றது என்றால் முதலில் அரசாங்க வைத்தியசாலைக்கே செல்லுங்கள். அக்கராயன் வைத்தியசாலையிலே காட்டி, கிளிநொச்சிக்கும், தேவையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் முறைப்படி செல்லலாம். அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆகையால் பார்வைக்குறைக்காகக் கடன்படவோ நகையை அடகுவைக்கவோ அவசரப்படாதீர்கள்.

எஞ்சியிருப்பது அழகு பற்றிய கேள்வி. பார்வைக்குத் தடை ஒன்றுமில்லை, முகம் மட்டும் களைத்துத் தோன்றுகின்றது, அதைத் திருத்திக்கொள்ளலாமா? இதனை நகைப்போர் பலர். நான் நகைக்க மாட்டேன். பல் நேராக்குகின்றோம், நரைக்கு மை பூசுகின்றோம், பிள்ளைக்கு மூக்குக் குத்துகின்றோம். தம் முகத்தைத் தாமே விரும்ப நினைப்பது குற்றமாகாது. ஆனால் அந்த விருப்பம் யாருடையது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளவேண்டும். 1896இல் சப்பானிய வைத்தியர் மிகாமோ, மடிப்பில்லாத இமையிலே தையலால் மடிப்பு உண்டாக்கும் முறையை வெளியிட்டார். கொரியப் போர் முடிந்த பின், 1950களில், அங்கே பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் இரால்ப் மில்லார்ட் இவ்வகைச் சிகிச்சைகளைச் செய்து, அதுபற்றி எழுதினார். இன்று தென்கொரியாவில் அது மிகப் பரவலான சிகிச்சை. சிலருக்கு அது தம் விருப்பம். சிலருக்கோ பிறருடைய கண்ணைத் தம் முகத்தில் பொருத்திக்கொள்ளும் கட்டாயம். வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் பிரித்தறிய முடியாது. செய்துகொள்பவர்தாம் அறிவார்.

கைத்தொலைபேசியின் படத்தை நம்பி முடிவு செய்யவும் வேண்டா. தாழப் பிடித்த கருவியை நாம் குனிந்து பார்க்கின்றோம். அப்போது எவருடைய இமையும் தாழ்ந்தே தோன்றும். தலைக்கு மேலுள்ள விளக்கு கண்குழியிலே நிழலைக் கொட்டும். மிக அண்மையில் பிடித்த படம் முகத்தின் அளவையே மாற்றிக் காட்டும். பகல் வெளிச்சத்தில், கண்மட்டத்தில், சிறிது தள்ளி நின்று எடுத்த படத்தைப் பார்த்து அதன்பின் எண்ணுங்கள்.

இன்னும் ஒன்று. எங்கள் மண்ணிலே பலருடைய கண் பாரம் இமையில் இல்லை. 2008இன் பிற்பகுதியில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களில் இருந்து, பின் காடேறிய காணிக்குத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். அந்த மாதங்களிலே கெட்ட நித்திரை சிலருக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டுசெல்லும் தாய்மார் விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, இரவு பத்துக்குப் படுக்கின்றார்கள். இவர்களுக்கு வேண்டியது உறக்கமும், உறங்குவதற்கான மன அமைதியும், அந்த அமைதிக்கு வழிசொல்லும் வைத்தியமும். மனநலப் பிரிவுக்குச் செல்வதிலே வெட்கம் ஒன்றுமில்லை. இமைத்தோலின் கீற்றொன்றை எடுத்துவிட்டு அந்தக் களைப்பை எடுத்துவிட்டதாக எண்ணினால், சில மாதங்களில் கண்ணாடி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கும்.

ஆகவே நேயர்களே, சரிந்த இமையைக் கண்டால் அதனை முதலில் ஒரு செய்தியாக வாசியுங்கள். ஒரே நாளிலே வந்ததா, மாலையிலே கூடுகின்றதா, பார்வையை மறைக்கின்றதா, குழந்தையின் கண்ணிலா என்று கேளுங்கள். பார்வையை மறைக்குமாயின் சத்திரசிகிச்சைக்கு அஞ்சாதீர்கள். முகத்துக்காக என்றால், ஆறுமாதம் அந்த எண்ணத்தை மனத்திலே வைத்துப் பாருங்கள். அதன் பின்னும் அது உங்கள் சொந்த எண்ணமாகவே நின்றால், தக்க வைத்தியரிடம் செல்லுங்கள். மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உறவினர் முகத்தைத் திரையிலே கண்டதும் "களைச்சுப் போனாய்" என்று சொல்வதை விட்டு, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேளுங்கள். முதலாவது அவரைக் கண்ணாடிக்கு அனுப்பும். இரண்டாவது அவரைப் பேசவைக்கும்.